கடைக்கண்

கிளாராபிளாட்ஸில் வளைவு எடுக்கையில்
வலப்பக்கக் கண்ணாடி காணாமற்போனது.
கழன்று விழவில்லை.
தலையை முழுதாகத் திருப்பினால் இருக்கிறது,
நேரே பார்த்தால் இல்லை.
பதினொரு வருடம் பாசலில் பச்சை ட்ராம் ஓட்டியவள் நான்.
அடுத்த தரிப்பில் இறங்கி
இனி ஓட்டமாட்டேன் என்று தொலைபேசியில் சொன்னேன்.

கதவு நிலைகள் தோளில் இடிக்கத் தொடங்கி
ஆறு மாதமாகியிருந்தது.
களைப்பு என்றேன். வயது என்றேன்.
கண்ணூறு என்று இவர்
செத்தல் மிளகாய் சுற்றி மின்னடுப்பில் கருக்க,
புகைமணி அலறி
மேல்வீட்டுக்காரர் ஓடிவந்ததுதான் மிச்சம்.

டொக்டர் ஆம்ஸ்டுட்ஸ்
தன் புருவ நடுவை விரலால் தொட்டார்.
நான் பொட்டு வைக்கும் இடம்.
அதற்கு நேர் பின்னே, ஆழத்தில்,
பட்டாணி அளவில் ஒரு சுரப்பி.
அதில் ஒரு செர்ரிப்பழம் முளைத்து
இரு கண் நரம்புகளும் குறுக்கே கடக்கும் சந்தியில்
ஏறி உட்கார்ந்திருக்கிறது.
மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை.
சந்தியில் ஒரு ட்ராம் நின்றுபோனால்
பின்னால் என்னென்ன நிற்கும் என்று
எனக்குத் தெரியும்.

வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து,
ஒளிப்புள்ளி தெரிந்தால் பொத்தானை அமத்தச் சொன்னார்கள்.
நெடுநேரம் ஒன்றும் வரவில்லை.
இயந்திரம் பழுது என்று நினைத்தேன்.
பிறகு காகிதத்தைக் காட்டினார்கள்:
நடுவில் ஒரு வெளிச்சத் தூண்,
இரு ஓரமும் கரி.

அம்மனிடம்கூட நாங்கள்
முழுக்கண்ணைக் கேட்பதில்லை,
கடைக்கண் போதும் என்றுதான் கும்பிடுகிறோம்.
அந்தப் போதுமானது
என்னிடம் இல்லை.

மூக்கு வழியே போனார்கள்.
வயிற்றிலிருந்து ஒரு துண்டுக் கொழுப்பை வெட்டி
ஓட்டையை அடைத்தார்கள்.
இத்தனை வருடம் குறைக்கப் பார்த்தது,
நல்லவேளை, கேட்கவில்லை.

மூக்குச் சிந்தக்கூடாது. குனியக்கூடாது.
தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.
தொண்டையில் உப்புத் தண்ணீர் இறங்கினால்
மணியை அழுத்த வேண்டும்.
மூத்திரத்தைக் குவளையில் அளந்து எழுத வேண்டும்:
முந்நூறு, நானூற்றைம்பது, அறுநூறு.
அழக்கூடாது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.
அழுதால் மூக்குச் சிந்த வரும்,
ஆகவே அழவில்லை.

மூன்றாம் நாள்
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கிடந்தேன்.
இடது ஓரத்தில் ஏதோ மஞ்சள்.
திரும்பவில்லை,
திரும்பினால் கலைந்துவிடும் போல.
மஞ்சள் அசைந்தது.
பக்கத்துக் கட்டில் ஸ்வாலன் அம்மா
காலுறை மாட்டிக்கொண்டிருந்தாள்.
ஒரு கிழட்டுக் குதிக்காலை
அப்படி ஆசையோடு
நான் பார்த்ததே இல்லை.

மாலையில் இவர் சூப் போத்தலோடு வந்து
வழக்கம்போல் அந்தப் பக்கமே உட்கார்ந்தார்.
அப்போதுதான் விளங்கியது.
இத்தனை மாதம் என் ஓரம்
இவர்களுக்கு ஒரு தனியறையாக இருந்திருக்கிறது.
யாதவி சாப்பாட்டு மேசையில்
போனைப் பார்த்தது அங்கேதான்.
இவர் அங்கே என்ன செய்தார் என்று
இன்று தெரிந்தது:
சால்வை நுனியை வாயில் கடித்துக்கொண்டு,
சத்தமில்லாமல், தோள் குலுங்க.
பிறகு முகத்தைத் துடைத்து, நேராக்கி,
என் நடுப்பார்வைக்குள் வந்து
சிரித்தார்.
எப்படி இருக்கு?

மங்கல்தான் இன்னும், என்றேன்.

இரண்டு நாள் அந்தப் பொய்யைக் காத்தேன்.
மூன்றாவது நாள் கிண்ணம் காட்டிக்கொடுத்தது:
கரி இருந்த இடமெல்லாம் சாம்பல்,
சாம்பலுக்குள் வெள்ளை.
இடது மேல்மூலையில் மட்டும்
ஒரு துண்டு இருட்டு போக மறுத்தது.
அது வரலாம், வராமலும் போகலாம்.
ட்ராம் ஓட்டுவதைப் பற்றி
கோடையில் பேசலாம் என்றார்.

வீட்டுக்கு ட்ராமிலேயே போனோம்.
ஓட்டியவன் புதுப்பெடியன்,
பிரேக்கைக் கொஞ்சம் பிந்திப் பிடிக்கிறான்.
நடுப்பாலத்தில் ஏறுகையில்
தலையை அசைக்காமல் இருந்து பார்த்தேன்:
இடப்பக்கமும் ரைன்,
வலப்பக்கமும் ரைன்,
ஒரே நேரத்தில்.

பக்கத்தில் இவர்
முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.
தெரிந்தது.
நான் நேரே
தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.